பணம் போடுமுன் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டையொட்டிக் கேலாங்கில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



செயலாளர் காக்கா என்னைப் பேசச் சொன்னபோது, "நாட்டுக்கு 60 வயது, நம் சங்கத்துக்கு 50 வயது. நீ கடைக்காரன். தொழில் பற்றி ஏதாவது சொல்" என்றார்கள். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா படித்தவன். பொருளியல் அறிஞன் இல்லை. ஆனால் ஒரு கடைக்காரனுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பணம் வெளியே போவது எளிது. திரும்பி வருவதற்குத்தான் வழி தேடவேண்டும். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் நாட்டின் கதை. 1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது இங்கே தொழிற்சாலைகள் மிகக் குறைவு. துறைமுகமும் இடைவழி வணிகமும்தான் பெரும் பிழைப்பு. நம் பாட்டன்மார்கள் பலர் அந்த வணிகத்தை நம்பித்தான் கப்பல் ஏறி வந்தார்கள். மக்கள்தொகை வேகமாகக் கூடியது, வேலை கூடவில்லை. 1960 அக்டோபரில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் குழு ஒன்று இங்கே வந்தது. அதற்குத் தலைவர் டாக்டர் ஆல்பர்ட் வின்செமியஸ் என்ற டச்சுக்காரர். தொழில்மயமாகவேண்டும், அதற்கென ஒரு தனி அமைப்பு வேண்டும் என்பது அந்தக் குழு சொன்ன வழி. அப்போதைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ. 1961 ஆகஸ்ட் 1ஆம் தேதி பொருளியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதன் முதல் தலைவர் திரு ஹான் சூய் சென். கையில் கொடுத்த தொகை 10 கோடி வெள்ளி.

அந்தக் கழகத்தின் வேலை என்ன? வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போய் அழைப்பது ஒன்று. அவர்கள் கொண்டுவரும் முதலீட்டுத் திட்டத்தைப் படித்துப் பார்த்து, எதற்குச் சலுகை தரலாம், எதற்குத் தரக்கூடாது என்று முடிவு செய்வது இன்னொன்று. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் சாதாரணக் கடை திறக்கக் கழகத்தின் அனுமதி தேவையில்லை. நிறுவனத்தைப் பதிந்துகொண்டு, தொழிலுக்கு உரிமம் வேண்டுமென்றால் அதையும் எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். கழகத்தின் ஒப்புதல் வேண்டியிருப்பது வரிச்சலுகை போன்ற ஊக்குவிப்புகளுக்கு. முன்னோடித் தொழில் என்ற தகுதி 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தே இருக்கிறது. 1967இல் அது இன்னும் விரிவாக்கப்பட்டது. அந்தத் தகுதி கேட்டு வருபவரிடம் எத்தனை பேருக்கு வேலை தருவாய், என்ன திறன் கொண்டுவருவாய், இங்கே எவ்வளவு செலவு செய்வாய் என்று கேட்பார்கள். சலுகைக்குக் காலவரம்பு உண்டு, நிபந்தனை உண்டு. "நல்ல மனிதர், நம்ம ஊர்க்காரர்" என்ற வரிக்கு அந்த விண்ணப்பத்தில் இடமே இல்லை.

அந்தக் கழகத்தில் தொடக்க நாளிலிருந்து 1968 வரை பணிபுரிந்தவர்களில் ஒருவர் திரு சு. தனபாலன். பின்னர் அமைச்சரானார், தெமாசெக் நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். ஒரு தமிழர் அந்த மேசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி கேட்பவர்கள் என்றால் முகம் சுளித்து உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைக்காதீர்கள். ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் கதை ஒன்று உண்டு. ஆறு மாடிக் கட்டடத்தின் மேல் இரண்டு தளங்களை அவர்களுக்காக எடுத்திருந்தார்கள். நிறுவனர் திரு ஹியூலெட் பார்க்க வருகிறார். மின்தூக்கிக்கு வேண்டிய மின்மாற்றி இன்னும் தயாராகவில்லை. கழகத்தார் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பெரிய மின்கம்பி ஒன்றை இழுத்து வந்தார்கள். அவர் வந்த அன்று மின்தூக்கி ஓடியது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1968இல் வந்தபோது, முடிவெடுத்த 50 நாளில் உற்பத்தி தொடங்கிவிட்டது. ஆக, கேள்வி கேட்பதும் கைகொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. கேட்டு முடித்துவிட்டவனால்தான் துணிந்து கைகொடுக்க முடியும்.

அவர்கள் தவறே செய்யவில்லையா? செய்தார்கள். ஆரம்பகாலத்தில் காகித மறுபயனீடு, பீங்கான் பொருள் போன்ற தொழில்களில் கூட்டுச் சேர்ந்து பார்த்தார்கள், தோற்றது. அந்தத் தொழிலின் நுணுக்கம் கூட்டாளிக்கும் தெரியவில்லை, இவர்களுக்கும் தெரியவில்லை என்பதே காரணம். சதுப்பு நிலமாகக் கிடந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கப் புறப்பட்டபோது, வெற்று நிலத்தைப் பார்த்து "கோவின் முட்டாள்தனம்" என்று பேசியவர்கள் உண்டு. அது பலித்தது. பீங்கான் பலிக்கவில்லை. அரசாங்கமே கணக்குப் போட்டும் சிலது தோற்கிறது என்றால், கணக்கே போடாத நம் நிலை என்ன?

இன்னொரு நிகழ்ச்சியும் உங்கள் நினைவில் இருக்கும். இங்கே பலருடைய காப்புறுதி இன்கம் நிறுவனத்தில்தான். 1970இல் தொழிலாளர் இயக்கம் கூட்டுறவாகத் தொடங்கியது அது. 2024 ஜூலையில் ஜெர்மனியின் அலியான்ஸ் நிறுவனம் அதில் குறைந்தது 51 விழுக்காட்டை வாங்க ஏறக்குறைய 220 கோடி வெள்ளிக்கு முன்வந்தது. பெரிய பெயர், பெரிய தொகை. அக்டோபர் 14ஆம் தேதி, இந்த வடிவில் இதை அனுமதிக்க முடியாது என்று அரசாங்கம் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. ஏன்? வாங்கிய பிறகு சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 185 கோடி வெள்ளி மூலதனத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தரும் திட்டம் அதற்குள் இருந்தது. அப்படியானால் குறைந்த வருமானக்காரர்களுக்குக் காப்புறுதி தரும் அந்தச் சமூகப் பணியை எப்படித் தொடர்வார்கள் என்ற கேள்விக்கு மனநிறைவான பதில் கிடைக்கவில்லை. அலியான்ஸ் மேல் குறையில்லை, பேரத்தின் அமைப்பில்தான் குறை என்றும் சொன்னார்கள். டிசம்பரில் அலியான்ஸ் விலகிக்கொண்டது.

இதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆள் நல்லவரா என்பது ஒரு கேள்வி. திட்டம் நல்லதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஊர்ப் பக்கமும் பார்ப்போம். இந்தியாவில் 1991 சீர்திருத்தத்தின்போது வெளிநாட்டு முதலீட்டு மேம்பாட்டு வாரியம் அமைத்தார்கள். வெளிநாட்டு முதலீட்டுத் திட்டங்களில் அரசின் ஒப்புதல் தேவைப்பட்டவை அந்த மேசைக்குத்தான் போயின. 2017இல் அதைக் கலைத்துவிட்டார்கள். பெரும்பாலான துறைகள் தானாக அனுமதி பெறும் வழிக்குப் போய்விட்டன, மீதியை அந்தந்த அமைச்சே பார்க்கிறது. வாரியம் போனாலும் சட்டம் போகவில்லை. நம்மில் பலருக்கு ஓசிஐ அட்டை இருக்கிறது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஊரில் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. "என் பெயரில் வாங்கிப் போடுகிறேன் மச்சான், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அது பினாமி. நிலமும் போகலாம், மச்சானும் போகலாம்.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அவர் "தாராளமாகச் சொல்" என்றார். பெயர் வேண்டாம் என்பது என் முடிவு.

எனக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். வாப்பாவின் வயதையொத்த ஊர்க்காரர் ஒருவர், வேறொரு வட்டாரத்தில் நடந்துகொண்டிருந்த சாப்பாட்டுக் கடையை எடுத்து நடத்தப்போவதாகச் சொன்னார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பேசினோம். கால்மணி நேரம் இருக்கும். நான் 38,000 வெள்ளி போட்டேன். அதில் 15,000 என் உம்மா வளையல் விற்றுத் தந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. "எழுதிக்கொள்வோமா" என்று கேட்க எனக்கு வெட்கம். என்னை மடியில் வைத்து வளர்த்தவரிடம் தாளை நீட்டுவதா?

கடைக்குக் கூட்டம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்த இடத்தின் வாடகை ஒப்பந்தத்தில் மீதமிருந்தது பதினொரு மாதம். அதை நான் கேட்கவில்லை. புதுப்பித்துத் தருவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார், அதனால் சொல்லவில்லை. இடத்துக்காரர் புதுப்பிக்கவில்லை. அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மேசை நாற்காலி எல்லாம் சேர்த்து விற்றதில் 4,000 வெள்ளி வந்தது. அவர் மாதாமாதம் எடுத்தது சம்பளம் என்றார். நான் லாபத்தின் முன்பணம் என்று நினைத்திருந்தேன். அங்கே முறிந்தது.

மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமிடம் பேசாமல் இருக்கக்கூடாது என்று மதரஸாவில் படித்தவன் நான். மூன்று வருடம் பேசவில்லை. அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நான் அந்தப் பக்கம் போய்விடுவேன். இரண்டு வீட்டுப் பெண்களும் நிக்காஹ் வீடுகளில் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் நடந்தார்கள். உம்மா ஒருநாளும் வளையலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வாப்பா மௌத்தானபோது சந்தூக்கைத் தூக்க முதலில் தோள்கொடுத்தவர் அவர்தான். அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து இருவரும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து, நடந்ததை மாதவாரியாக எழுதினோம். எழுதி முடித்தபோது தெரிந்தது, அவர் என்னை ஏமாற்றவில்லை. நானும் அவரை ஏமாற்றவில்லை. அந்தத் தாளை முதல் நாளே எழுதியிருந்தால் பணம் போயிருக்கலாம், மூன்று வருடம் போயிருக்காது. அதில் வாப்பாவின் கடைசி இரண்டு நோன்புப் பெருநாளும் அடக்கம். வாப்பா அவரை வீட்டுக்கு அழைக்க ஆசைப்பட்டார். என்னால் அழைக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர், "இதற்கெல்லாம் அரசாங்கம் இல்லையா?" என்பார்கள். இருக்கிறது, ஆனால் எல்லை இருக்கிறது. பொதுமக்களிடம் முதலீடு திரட்டுபவர் தகவல் அறிக்கை தயாரித்து சிங்கப்பூர் நாணய ஆணையத்தில் பதியவேண்டும் என்பது பொது விதி. ஆனால் பன்னிரண்டு மாதத்தில் 50 பேருக்கு மேல் போகாத தனிப்பட்ட அழைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆணையம் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. அதில் பெயர் இருந்தால் ஓடிவிடுங்கள். பெயர் இல்லை என்பதற்காகப் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் மாமா, மச்சான், ஊர்க்காரர் வட்டத்துக்குள் சுற்றும் திட்டத்தை எந்த அதிகாரியும் படித்துப் பார்த்திருக்கமாட்டார். 220 கோடிக்கு நாடாளுமன்றம் இருக்கிறது. 38,000க்கு நாம்தான் இருக்கிறோம்.

கேள்வி கேட்டால் சந்தேகப்பட்டதாகாதா? கேலாங் சாலையில் கதீஜா பள்ளிவாசலைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெயரை நினைத்துக்கொள்வேன். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகர், முதல் போட்டவர்கள். நம் நாயகம் (ஸல்) அவர்களிடம் சரக்கை ஒப்படைத்து ஷாமுக்கு அனுப்பினார்கள். மக்கா முழுதும் அல்-அமீன் என்று அழைத்தவரிடம் ஒப்படைத்தும், கூடவே மைசரா என்ற தம் பணியாளரையும் அனுப்பினார்கள். அவர் திரும்பிவந்து கண்டதைச் சொன்னார் என்று வரலாற்றில் படிக்கிறோம். அது அவமரியாதையா? இல்லை, அது வணிக ஒழுங்கு. குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அல்பகறா அத்தியாயத்தில் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றிய வசனம்தான் அது. வெட்கப்பட்டு எழுதாமல் விட்ட நான், அந்த வசனத்தை ரமலான் தோறும் ஓதியவன்.

இனி அந்த ஐந்து கேள்விகள். பொருளியல் வளர்ச்சிக் கழகம் பெரிய நிறுவனத்திடம் திட்டத்தை விளக்கு என்று கேட்பதுபோல, நம் சாப்பாட்டு மேசையில் நாம் கேட்கவேண்டியவை.

ஒன்று, யார் பெயரில்? நிறுவனமா, பங்காளிக் கூட்டா, தனிநபரா? அக்ராவின் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டினால் நிறுவன விவரம் கிடைக்கும். இயக்குநர் யார், பங்கு யாரிடம், எப்போது பதிந்தது என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பணத்தைச் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இரண்டு, என் வெள்ளி எதற்குப் போகும்? முன்பணம், உரிமம், சாமான், சம்பளம் என்று வரிவரியாக. "தொழிலுக்கு" என்பது பதில் இல்லை.

மூன்று, கொண்டுவருபவர் தம் பணம் எவ்வளவு போடுகிறார்? உழைப்பை மட்டும் போடுகிறேன் என்றாலும் சரிதான், முளாரபா என்ற முறையே அதற்கு இருக்கிறது. லாபத்தைப் பேசிக்கொண்ட விகிதத்தில் பிரித்துக்கொள்வது, உழைப்பவரின் தவறில்லாமல் நட்டம் வந்தால் முதல் போட்டவர் தாங்குவது. அதனால்தான் "மாதம் இத்தனை விழுக்காடு உறுதி" என்று யாராவது சொன்னால் இரண்டு காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். அது தொழில் கணக்குக்கும் ஒத்துவராது, மார்க்கத்துக்கும் ஒத்துவராது.

நான்கு, எது நடந்தால் இந்தத் தொழில் நின்றுபோகும்? வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது? உரிமம் யார் பெயரில்? சமையல்காரர் போய்விட்டால்? நான் கேட்காமல் விட்டது இந்தக் கேள்வியைத்தான்.

ஐந்து, எழுத்து எங்கே, கணக்கை யார், எப்போது பார்ப்பது, நான் வெளியேற வேண்டுமானால் எப்படி? ஒரு பக்கம் போதும். இரண்டு சாட்சி போதும்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஐம்பது ஆண்டுகளில் இந்தச் சங்கம் கல்வி உதவி கொடுத்திருக்கிறது, மௌத்துக்கு நின்றிருக்கிறது, நோன்புக் கஞ்சி காய்ச்சியிருக்கிறது. ஐம்பத்தோராவது ஆண்டில் மூன்று பேர் கொண்ட ஒரு மஷூரா மேசை வைக்கலாம். கணக்கு தெரிந்த ஒருவர், கடை நடத்தும் ஒருவர், மூன்றாவது ஒரு பெண். பெண் கட்டாயம் வேண்டும் என்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் முதல் என்பது பல நேரம் அவர்கள் கையிலிருந்து கழற்றியதுதான். உறுப்பினர் யாராவது பணம் போடப் போகுமுன் திட்டத்தைக் கொண்டுவரட்டும். அந்த மூவரும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும்.

ஒன்றே ஒன்று கவனம். அந்த மேசை "ஒப்புதல்" தரக்கூடாது. கழகத்துக்குச் சட்டம் இருக்கிறது, ஆய்வு செய்ய ஆள் இருக்கிறது. நமக்கு அது இல்லை. நாம் முத்திரை குத்தினால், நாளைக்கு அதுவே "சங்கமே சரி சொல்லிவிட்டது" என்று விற்பனைப் பேச்சாகிவிடும். கேள்வி மட்டும் கேட்போம். பதில் கேட்டபின் போடுவதும் போடாததும் அவரவர் பொறுப்பு. அதே நேரத்தில், கேள்விகளுக்கு நல்ல பதிலோடு வரும் இளம் பிள்ளைக்கு, பக்கத்துக் கட்டடத்திலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்ததுபோல், நாம் கைகொடுக்கவும் வேண்டும். கடையை ஒருநாள் பார்த்துக்கொள்வது, சரக்குக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்வது, இவையும் முதலீடுதான்.

என் கூட்டாளியாக இருந்த அந்தப் பெரியவர் இப்போது என்னைப் பார்த்தால், "தம்பி, தாள் கொண்டுவந்தாயா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். போன வருடம் என் கடைக்குச் சரக்கு எடுக்க அவரிடமே 5,000 வெள்ளி கைமாற்று வாங்கினேன். இந்த முறை ஒரு பக்கம் எழுதினோம். இரண்டு சாட்சியில் ஒருவர் என் உம்மா. நான்கு மாதத்தில் கொடுத்து முடித்து, அந்தத் தாளை அவர் கையாலேயே கிழித்தார்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. நம் அமானிதங்களை நிறைவேற்றத் துணை புரிவானாக. பணத்தால் பிரிந்திருக்கும் உறவுகளைச் சேர்த்துவைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.